கடலோர வீட்டில் பழைய மர ஜன்னல்களை மாற்றுவது: யுபிவிசியா, அலுமினியமா? மழை உள்ளே வருவது எதனால்?

உப்புக்காற்று கேட்டது:

வணக்கம். சென்னை பாலவாக்கத்தில் கடலிலிருந்து சுமார் 600 மீட்டரில் உள்ள தனி வீடு. 1994இல் கட்டியது, கீழும் மாடியும், 9 அங்குலச் செங்கல் சுவர். ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறக்கும் மரக் கதவுகள். கிரில் மர நிலையிலேயே பொருத்தியது. 4×4 அடி 7, 3×4 அடி 3, குளியலறை வென்டிலேட்டர் 2×1½ அடி 3. மொத்தம் 157 சதுர அடி வருகிறது.

வடகிழக்குப் பருவமழையில் கிழக்கு, வடக்கு ஜன்னல்களுக்கு அடியில் உள்சுவர் நனைந்து பெயின்ட் கொப்பளிக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரையிலேயே தண்ணீர் நின்றது. மழைக்காலத்தில் கதவுகள் உப்பி மூடுவதில்லை. கிரில் கம்பிகளின் அடிமுனை துருப்பிடித்து, ஜன்னலின் அடிக்கல்லான சில் வெடித்திருக்கிறது. இரண்டு நிலைகளில் கரையான். ஒரு சன்ஷேடின் அடியில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. வெளிச்சுவரில் பாசியும் மயிரிழை விரிசல்களும் உண்டு.

யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டத்தில் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங்குக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினேன்: சதுர அடிக்கு 480, 650, 920 ரூபாய். மூவரும் "ஒரே பொருள்தான்" என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் எதில்? ஸ்லைடிங் சரியா? இரட்டைக் கண்ணாடி தேவையா? ஒரு படுக்கையறை கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈசிஆர்) பார்த்தது, வண்டிச் சத்தம் அதிகம். வெளிச்சுவர் பெயின்ட்டை முதலில் முடித்துவிடலாமா?

ரசமட்டம்:

கொட்டேஷன்களை ஒரு வாரம் எடுத்து வையுங்கள். முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஜன்னலுக்கு அடியில் தெரியும் ஓதம் நான்கு வழிகளில் வரலாம். சன்ஷேடும் சுவரும் சேரும் மூலை ஒன்று. மர நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் விட்டிருக்கும் இடுக்கு இன்னொன்று. சில் உள்பக்கமாக வாட்டம் வாங்கியிருக்கலாம். கைப்பிடிச்சுவர் விரிசலில் புகுந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் விட்டமான லிண்டலில் நின்று, ஜன்னல் ஓரமாக வெளிவரலாம். நிலை இடுக்கும் சில்லும் ஜன்னல் மாற்றும் வேலையோடு சரியாகிவிடும். சன்ஷேடு மூலையும் கைப்பிடிச்சுவரும் ஆகாது. எவ்வளவு விலைக்கு ஜன்னல் போட்டாலும் அடுத்த நவம்பரில் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளிக்கும், பழி ஜன்னல்காரர் மேல் போகும்.

மழையில்லாத நாளில் தோட்டக் குழாயைப் பிடித்துப் பாருங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் சில்லில் மட்டும் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் நிலையின் இரண்டு பக்க இடுக்குகள், பிறகு சன்ஷேடின் மேல்மூலை, கடைசியில் அதற்கு மேலுள்ள சுவர். ஒவ்வொன்றுக்கும் 15, 20 நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் வழிந்து வரும் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும், எங்கே ஓட்டை என்று சொல்லவே முடியாது. முனையை அழுத்திப் பீய்ச்சாதீர்கள், வழியவிட்டால் போதும்.

சன்ஷேடின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிவிளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலத்தில் ஒரு காடி ஓட வேண்டும். அது இல்லாத சன்ஷேடில் தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பரப்போடு ஒட்டிக்கொண்டே பின்னால் ஊர்ந்து ஜன்னல் தலைக்கு வந்துவிடும். அந்த வயது வீடுகளில் காடியைப் பூச்சால் மூடிவிட்டிருப்பது சகஜம். இப்போது கட்டிங் மெஷின் வைத்து வெட்டினால் கம்பி வரைக்கும் போய்விடும். அதற்குப் பதிலாக விளிம்பையொட்டி அடியில் அரை அங்குல அலுமினிய ஆங்கிளைப் பாலியூரித்தேன் சீலன்ட்டால் ஒட்டுங்கள். ஆங்கிளின் கால் கீழே தொங்க வேண்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சன்ஷேடின் மேற்பரப்பு வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். சுவரோடு சேரும் மூலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாசி எடுத்து, எஸ்பிஆர் லேட்டக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) கலந்த சிமென்ட் கலவையால் இரண்டு அங்குல அளவில் வளைத்துப் பூசி, அதன்மேல் அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சை சுவரில் ஆறு அங்குலம் ஏற்றி இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட்டில் நடுவில் ஃபைபர் வலை வைத்தால் மூலை மறுபடி வெடிக்காது.

கம்பி தெரியும் சன்ஷேடில் கொத்தனாரைத் தனியாக விடாதீர்கள். சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது, அதைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் ஓடும். அடியில் தெரியும் கம்பியைச் சுத்தம் செய்வது பயமில்லாத வேலை. மேல்பக்கத்தைக் கொத்துவதாக இருந்தால் கீழே முட்டுக் கொடுத்த பிறகே கொத்த வேண்டும். மேலே, சுவரையொட்டி நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் அந்த சன்ஷேடைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்கட்டும். சரிசெய்யும் முறை இது: உளியால் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் காரையெல்லாம் எடுத்துக் கம்பியின் பின்பக்கமும் தெரியும்படி செய்து, பளபளப்பு வரும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகச் சத்துள்ள எபாக்ஸி பிரைமர் அடித்து, பாலிமர் மார்ட்டரால் ஒரு தடவைக்கு 15 மி.மீ.க்கு மிகாமல் நிரப்புவது. துருவின் மேலேயே சிமென்ட் அப்பினால் உள்ளே துரு வளர்ந்து இரண்டே மழைக்காலத்தில் அப்பியதைத் தள்ளிவிடும். உப்புக்காற்றுப் பக்கம் இன்னும் சீக்கிரம்.

பெயின்ட் கடைசி வேலை. ஜன்னலுக்கு முன்னால் அடித்தால் காசு வீண்.

கண்ணாடிச்சட்டம்:

ரசமட்டம் சொன்னதுல மாற்றுக் கருத்து இல்லை. ஜன்னல் விஷயத்தை மட்டும் நான் எழுதறேன்.

கிழக்கு, வடக்கு ரெண்டு பக்கத்துக்கும் ஸ்லைடிங் வேண்டாம். காரணத்தைக் கணக்காவே பாருங்க. காற்று சுவர்ல மோதுற அழுத்தம் பாஸ்கல் கணக்குல, வேகத்தோட வர்க்கத்தை 0.6ஆல பெருக்குனா வரும், வேகம் வினாடிக்கு மீட்டர்ல. மணிக்கு 65 கி.மீ. காற்றுன்னா 18 மீட்டர், சுமார் 195 பாஸ்கல். அது 20 மி.மீ. உயரத் தண்ணியைத் தாங்கிப் பிடிக்கிற அழுத்தம். உங்க ஸ்லைடிங் டிராக்கோட உள்பக்கச் சுவர் 20 மி.மீ. உயரம்னா, அந்தக் காற்றுல டிராக்ல நிக்கிற தண்ணி வெளியே வடியாது, உள்ளே வழியும். 2016 டிசம்பர் 12 வர்தால நம்ம ஊர்ல 100 கி.மீ.யைத் தாண்டி அடிச்சது. 108 கி.மீ.ன்னா 540 பாஸ்கல், 55 மி.மீ. தண்ணி. அந்த உயரத்துக்கு உள்சுவர் வெச்ச டிராக் விலை மலிவான செக்ஷன்ல கிடையாது. வடிகால் துளை எத்தனை போட்டாலும் காற்று அந்தத் துளை வழியாவே எதிர்த்துத் தள்ளும்.

வெளியே திறக்கிற கேஸ்மென்ட், அதாவது கதவு மாதிரி திறக்கிற ஜன்னல், இதுக்கு நேர் எதிர். காற்று அடிக்க அடிக்கக் கதவு சட்டத்தோட இறுகும், ஈபிடிஎம் ரப்பர் நசுங்கி இன்னும் நல்லா மூடும். ஸ்லைடிங்ல இருக்கிறது மயிர் பிரஷ்தான், அதுல தண்ணியும் நுழையும், சத்தமும் நுழையும். அதோட ஸ்லைடிங் எப்பவும் பாதி ஜன்னல்தான் திறக்கும். கடல்காற்று வர்ற வீட்டுல முழு 4 அடியும் திறக்கறது எவ்வளவு பெரிய லாபம்! மேற்கு, தெற்குப் பக்கம் சன்ஷேடு நல்லா இருந்தா, இடம் குறைவான அறைக்கு ஸ்லைடிங் போடலாம்.

இனி 480க்கும் 920க்கும் நடுவுல என்ன இருக்குன்னு பார்ப்போம். கொட்டேஷன்ல நாலு வார்த்தை எழுதியிருக்கா பாருங்க: புரொஃபைலோட (சட்டம் செய்யற உள்ளீடற்ற யுபிவிசி நீளத்துண்டு) வெளிச்சுவர் தடிமன், உள்ளே போடற ஜிஐ (துத்தநாகம் பூசின) ஸ்டீலோட தடிமன், ஹார்ட்வேர் என்ன உலோகம், கண்ணாடி என்ன. வெளியே தெரியற சுவர் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 2.8 இருந்தா நல்லது. 1.8, 2 மி.மீ. சுவர் வெச்ச சட்டம் வெயில்ல வளையும், திருகு பிடிப்பும் நிக்காது. ஒரு அடி நீளத் துண்டு வெட்டிக் கேளுங்க, வெர்னியர் வெச்சு அளங்க. துண்டு தர மாட்டேன்னு சொல்றவர்கிட்ட மேலே பேச வேண்டாம். உள்ளே 1.2இலிருந்து 1.5 மி.மீ. துத்தநாகம் பூசின ஸ்டீல் நாலு பக்கமும், கதவுக்கும் நிலைக்கும் தனித்தனியா ஓடணும். ஜன்னல் வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சின்னக் காந்தத்தை எடுத்துச் சட்டம் முழுக்க ஓட்டுங்க. ஒட்டாத இடத்துல ஸ்டீல் இல்லைன்னு அர்த்தம். இருக்கா இல்லையான்னு மட்டும்தான் காந்தம் சொல்லும், தடிமனுக்கு வெட்டின துண்டைத்தான் பார்க்கணும். விலை குறைக்கிறவங்க முதல்ல கை வைக்கிற இடம் இந்த ஸ்டீல்தான்.

ஹார்ட்வேர்ல, கதவைத் தாங்குற ஃப்ரிக்‌ஷன் ஸ்டே எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 ரகமா இருக்கணும். உங்க 600 மீட்டருக்குள்ள 202 ரக எஸ்எஸ் ஒரே வருஷத்துல பழுப்பாகும். 304ல கூட டீக்கறை மாதிரி படியும், மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில துடைச்சாப் போதும். பூட்டு ஒரே இடத்துல கொக்கி போடறதா இல்லாம, மேலே நடுவே கீழேன்னு மூணு இடத்துல பிடிக்கிற மல்டிபாயின்ட்டா இருக்கட்டும்.

கண்ணாடியை எடையோட சேர்த்து யோசிங்க. கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 2×4 அடிக் கதவு 0.74 சதுர மீட்டர். 5 மி.மீ. டஃபன்டு (சூடேத்தி உறுதியாக்கின கண்ணாடி) போட்டா 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இரட்டைக் கண்ணாடின்னா 18.5 கிலோ, சட்டத்தோட எடை தனி. ஸ்டே அந்த எடைக்கானதா இல்லைன்னா ரெண்டு வருஷத்துல கதவு தொங்கிக் கீழ்மூலை உரசும். பொதுவா எல்லா ஜன்னலுக்கும் ஐஎஸ் 2553 முத்திரை உள்ள 5 மி.மீ. டஃபன்டு போதும். ஜன்னலைத் திறந்து வெச்சே வாழற வீட்டுல இரட்டைக் கண்ணாடியால பெரிய லாபமில்லை. ராத்திரி முழுக்க ஏசி ஓடற அறைக்கு வேணா யோசிக்கலாம். நேர் வெயில் வந்து விழற மேற்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியை விட வெளியே நிழல் தர்றதுதான் உபயோகம், கண்ணாடிக்குள்ள வந்த வெயில் வந்ததுதான். ஈசிஆர் பக்க அறைக்கு மட்டும் 4+4 லேமினேட் (ரெண்டு 4 மி.மீ. கண்ணாடியை ஒட்டினது) போடுங்க, நடுவுல இருக்கிற படலம் அதிர்வை உறிஞ்சும். ஆனா நாலு பக்கமும் சீல் சரியா இருந்தாத்தான் அதுக்குப் பலன்.

கிரில் விஷயத்தை யாரும் முன்கூட்டியே பேசறதில்லை, கடைசி நாள்ல அது தலைவலியா வந்து நிக்கும். இப்போ உங்க கிரில் மர நிலையில இருக்கு, நிலை போனா அதுவும் போகும். யுபிவிசி சட்டத்துல கிரில்லைத் திருகக் கூடாது, திருடனை பிளாஸ்டிக் தடுக்காது. சுவர்ல தனியாப் பொருத்தணும். வெளியே திறக்கிற கதவுன்னா கிரில் உள்பக்கம் வரும். கம்பி இடைவெளி 4 அங்குலம், கைப்பிடி வர்ற உயரத்துல குறுக்குப் பட்டை வராம பார்த்துக்கங்க. கை உள்ளே போய்க் கைப்பிடியைத் திருப்பி, கதவைத் தள்ளி, மறுபடி இழுக்க முடியணும். பட்டறையிலேயே ஒரு ஜன்னல் அளவுக்கு வெச்சுப் பார்த்துட்டு மீதியைச் செய்யச் சொல்லுங்க. கொசுவலைக் கதவு கிரில்லுக்கும் உள்ளே, அறைப்பக்கம் திறக்கிற மாதிரி வரும். கம்பி முனையைச் சில்லுக்குள்ள புதைக்காதீங்க. துரு ஊதி கல்லையே வெடிக்க வைக்கும், உங்க வீட்டுல நடந்தது அதுதான். கம்பி முனையில தகடு வெல்டிங் பண்ணி, பக்கச் சுவர்ல ஆங்கர் போடுங்க.

அலுமினியம் வேணும்னா டொமால்ங்கிற செக்‌ஷன் நல்ல தேர்வுதான், மெலிசா இருக்கும், கெட்டியா இருக்கும். பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. வெட்டின முனையும் துளையும் கோட்டிங் இல்லாம இருக்கும், உப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். ஈரச் சிமென்ட் பட்டாலும் அலுமினியம் அரிக்கும், சட்டத்து மேல ஒட்டின பாதுகாப்பு டேப்பை எடுக்காமப் பூச்சு வேலையை முடிக்கணும். கடலுக்கு இவ்வளவு கிட்டத்துல என் ஓட்டு யுபிவிசிக்குத்தான். வெள்ளையே எடுங்க. மர நிற, கறுப்பு நிறப் படலம் ஒட்டினது வெயில்ல அதிகம் சூடாகி அதிகம் நீளும்.

இழைப்புளி:

மேலே இருவரும் எழுதியது சரிதான். ஆனால் 10 ஜன்னலையும் பிடுங்க வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

கரையான் இரண்டு நிலைகளில் என்கிறீர்கள். மற்ற எட்டையும் சோதித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை நிலையின் அடியிலிருந்து ஒரு அடி உயரம் வரை, அங்குலத்துக்கு ஒரு குத்தாக அழுத்திக்கொண்டே போங்கள். முனை கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடம் போயிற்று. இறங்காவிட்டால் மரம் உயிரோடு இருக்கிறது. பெயின்ட்டை ஓரிடத்தில் சுரண்டி என்ன மரம் என்றும் பாருங்கள். நிலை தேக்கு, கதவுச் சட்டம் வேறு மரம் என்று கலந்திருப்பதும் உண்டு.

தேக்கு நிலை அடியில் மட்டும் உளுத்திருந்தால், கெட்ட பகுதியை ஒன்றுக்கு மூன்று சாய்வில் அறுத்து, புதுத் தேக்குத் துண்டை நீர்தாங்கும் மரப்பசையும் எஸ்எஸ் திருகும் வைத்து இணைக்கலாம். கதவு உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பெயின்ட் படாமல் வெறுமையாக இருப்பது. மரத்தின் முனைநார் தண்ணீரை உறிஞ்சும் இடம் அதுதான். கண்ணாடி வைத்து அடி விளிம்பைப் பாருங்கள், கட்டின நாளிலிருந்து அங்கே பிரஷ் பட்டிருக்காது. மழைக்காலத்தில் இழைத்தால் ஏப்ரலில் விரல் நுழையும் சந்து விழும். மார்ச், ஏப்ரலில் கழற்றி, சுற்றிலும் 3 மி.மீ. சந்து விட்டு இழைத்து, ஆறு பக்கமும் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் அடித்து, நிலையின் காடியில் ரப்பர் பட்டை ஒட்டி மாட்டுங்கள். சன்ஷேடு நன்றாக உள்ள மேற்கு, தெற்கு ஜன்னல்களுக்கு இதுவே போதும்.

எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் பழைய மரத்தைக் கூலிக்குள் சேர்த்துவிடாதீர்கள். "பழசை நாங்களே எடுத்துக்கிறோம்" என்பது கொட்டேஷனில் சிறு வரியாக இருக்கும். முப்பது வருடத் தேக்குக்குத் தச்சுப்பட்டறையில் நல்ல விலை உண்டு.

உப்புக்காற்று:

மூவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். குத்திப் பார்த்ததில் தெற்கு, மேற்கில் உள்ள நான்கு 4×4 நிலைகளும் கெட்டியாக இருக்கின்றன, சுரண்டினால் தேக்கு. அவற்றை வைத்துக்கொள்கிறேன். கிழக்கு, வடக்கில் மூன்று 4×4, மூன்று 3×4, பிறகு வென்டிலேட்டர்கள் மாறும். குழாய்ச் சோதனையில் வடக்கு ஜன்னல்களில் சில்லில் விட்ட தண்ணீர் எட்டாவது நிமிடம் உள்ளே தெரிந்தது. கிழக்கில் இரண்டு ஜன்னல்களில் சன்ஷேடு மூலையில் விட்டபோதுதான் வந்தது.

பழைய நிலையை எடுப்பது, புதுசைப் பொருத்துவது, சிலிக்கான் இதையெல்லாம் நேரில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்? எத்தனை ட்யூப், எத்தனை திருகு என்று கணக்கு தெரிந்தால் உதவும்.

கண்ணாடிச்சட்டம்:

முதல்ல அளவு. பழைய நிலையோட வெளி அளவை வெச்சு ஆர்டர் கொடுக்கக் கூடாது. நிலையை எடுத்து, புதுச் சில் வெச்சு, பக்கப் பூச்சு முடிச்சு, அதுக்கப்புறம் மேலே நடுவே கீழேன்னு அகலத்தை மூணு இடத்துலயும், உயரத்தை மூணு இடத்துலயும் எடுக்கணும். அதுல சின்ன அளவுலயிருந்து 10 மி.மீ. கழிச்சா ஜன்னல் அளவு. பக்கத்துக்கு 5 மி.மீ. சந்து எதுக்குன்னா, யுபிவிசி சூட்டுல நீளும். 1.2 மீட்டர் சட்டம் 30 டிகிரி ஏறி இறங்கினா சுமார் 2.5 மி.மீ. வித்தியாசம் வரும். சந்தே இல்லாம சிமென்ட்டால அடைச்சா சட்டம் வளைஞ்சு கதவு மூடாது, இல்லை ஓரத்துல கோடு மாதிரி வெடிப்பு விழும். ஜன்னல் செய்து வர்ற வரைக்கும் பத்து, பன்னிரண்டு நாள் திறந்த ஓட்டையாத்தான் இருக்கும், பிளைவுட் அடிச்சு மூடிக்கங்க.

நிலையைக் கடப்பாரையால நெம்பக் கூடாது. முதல்ல நிலையைச் சுத்தி 3 அங்குலம் தள்ளிப் பூச்சுல கட்டிங் மெஷின்ல ஒரு கோடு, 10 மி.மீ. ஆழம். அந்தக் கோட்டோட உடைப்பு நிக்கும், இல்லைன்னா சுவர்ல ஒரு அடிக்குப் பெயரும். அப்புறம் நிலைக்காலை நடுவுல ரம்பத்தால அறுத்து உள்பக்கமா இழுக்கணும். நிலையைச் சுவரோட பிடிக்கிற இரும்புப் பட்டை, ஹோல்ட்ஃபாஸ்ட், பக்கத்துக்கு ரெண்டு மூணு சுவருக்குள்ள கலவையில புதைஞ்சிருக்கும். அதைக் கிரைண்டர்ல சுவர் மட்டத்துக்கு உள்ளே வெட்டி, பிரைமர் அடிச்சு மூடணும். நீட்டிக்கிட்டு இருந்தா துரு பூச்சை ஊத வைக்கும். கரையான் இருந்த ரெண்டு இடத்துலயும் மண்கோட்டைச் சுரண்டி, செங்கல் இடுக்குல துளை போட்டு மருந்து ஏத்தின பிறகுதான் பூச்சு.

ஆங்கர்: மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் துளை, நடுவுல 600 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. 4 அடிப் பக்கத்துக்கு மூணு, 3 அடிக்கும் மூணே போடுங்க. பக்கம் ரெண்டும் மேலேயும் சேர்த்து ஜன்னலுக்கு 9. ஆறு ஜன்னலுக்கு 54. நீளம் 100 மி.மீ. இருந்தாத்தான் பூச்சைத் தாண்டிச் செங்கலைப் பிடிக்கும். பழைய செங்கல்ல ஹேமர் மோடு போட்டுத் துளைச்சா செங்கல் பிளக்கும், சுத்தற மோடு மட்டும் போதும். அடிச்சட்டத்துல மட்டும் மேலேயிருந்து துளை போடவே விடாதீங்க. அடிச்சட்டத்துல வர்ற தண்ணி அந்தத் திருகு வழியா நேரா சட்டத்துக்குள்ள இறங்கி, ஸ்டீலை அரிச்சு, அப்படியே சுவருக்குள்ள போகும். "ஜன்னல் புதுசு, ஆனா அடியில நனையுது"ங்கிற புகார்ல நிறைய இதுதான். அடிக்குப் பக்கவாட்டுல இருந்து பிடிக்கிற ஜிஐ கிளாம்ப் மூணு போதும்.

ஆங்கரை இறுக்கறதுக்கு முன்னாடி, துளை வர்ற இடத்துல எல்லாம் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல பிளாஸ்டிக் பேக்கர் (சந்தை நிரப்பற துண்டு) வைக்கணும். பேக்கர் இல்லாம இறுக்கினா சட்டம் சுவர்ப் பக்கம் வயிறு மாதிரி வளையும். ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்ல அளங்க, 3 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா அவிழ்த்து மறுபடி வைக்கச் சொல்லுங்க.

சிலிக்கான்: வெளியே நியூட்ரல் க்யூர் வெதர் சிலிக்கான்தான். ட்யூபைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிச்ச வாசனை அடிச்சா அது வேற ரகம், கண்ணாடித் தொட்டிக்கானது. சிமென்ட்ல நிக்காது, ஆறு மாசத்துல தோலா உரியும். சந்து 5 மி.மீ.க்கு மேல இருக்கிற இடத்துல முதல்ல பேக்கர் ராட் (ஃபோம் கயிறு), அதுக்கு மேல சிலிக்கான். உங்க ஆறு ஜன்னலும் மூணு வென்டிலேட்டரும் சேர்த்துச் சுத்தளவு சுமார் 34 மீட்டர். வெளி, உள் ரெண்டுக்கும் 68. 8 மி.மீ. அகலம் 5 மி.மீ. ஆழம்னா 300 மில்லி ட்யூப் 7.5 மீட்டர் ஓடும். ஒன்பதுன்னு வரும், வீணாறதுக்குச் சேர்த்து 11 ட்யூப். மூணு ட்யூபோட வேலையை முடிக்கிறேன்னு வந்தா, மேலே நூல் மாதிரி ஒரு கோடு இழுத்துட்டுப் போறாங்கன்னு புரிஞ்சுக்கங்க. தூசி, ஈரம், ஈரமான பட்டி எது மேலயும் சிலிக்கான் பிடிக்காது. சுவரைத் துடைச்சு, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கணும்.

ஒப்படைக்கும்போது அடிச்சட்டத்துல ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க. வெளித்துளை வழியா ஒரு நிமிஷத்துல வடியணும். துளையோட வெளிவாய் சில்லுக்கு மேல இருக்கா, சிலிக்கானால அடைச்சுட்டாங்களான்னு குனிஞ்சு பாருங்க. மேலே ஒட்டின பாதுகாப்புப் படலத்தை வேலை முடிஞ்ச வாரமே உரிச்சிடுங்க. வெயில்ல காய்ஞ்சா சுரண்டித்தான் எடுக்கணும்.

வென்டிலேட்டர்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வரும்னா அளவை இப்பவே சொல்லுங்க. டஃபன்டு கண்ணாடியை அப்புறமாத் துளைக்கவே முடியாது, தூளாயிடும்.

ரசமட்டம்:

வடக்குச் சில்கள் உள்ளே விடுவது உறுதியாகிவிட்டதால், ஆறுக்கும் புதுச் சில் போடுங்கள். 18 மி.மீ. கிரானைட், 100 மி.மீ.க்கு 10 மி.மீ. வெளிவாட்டம். சுவரைவிட 40 மி.மீ. வெளியே நீட்டி, அடியில் காடி வெட்டியிருக்க வேண்டும். இரண்டு முனையும் பக்கப் பூச்சுக்குள் ஒரு அங்குலம் போக வேண்டும். ஓட்டை அளவுக்கே கல்லை வெட்டி வைத்தால் முனை வழியாகத் தண்ணீர் இறங்கும். கல்லைக் கலவையில் பதிப்பதற்கு முன் அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஒரு கோட் அடித்து, உள்பக்க விளிம்பில் ஒரு அங்குலம் ஏற்றிவிடுங்கள்.

பக்கப் பூச்சு சிமென்ட்டும் மணலும் 1:4, மணல் பி சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்), பழைய செங்கலில் எஸ்பிஆர் பால் தடவிய ஈரத்திலேயே பூச வேண்டும். ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். லிண்டல் கான்கிரீட்டும் செங்கலும் சேரும் கோட்டில் எட்டு அங்குல அகல ஃபைபர் வலை வைக்காவிட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும்.

வெளிச்சுவருக்கு வருகிறேன். பாசியைக் காயவைத்துச் சுரண்டிவிட்டு அடித்தால் மிச்சப் பாசி உள்ளேயே இருக்கும். ப்ளீச்சிங் கரைசலைத் தடவி அரை மணி ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ப்ரெஷர் வாஷரில் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். புதுசாகப் போட்ட கிரில்லிலும் ஹார்ட்வேரிலும் ப்ளீச்சிங் பட விடாதீர்கள். மயிரிழை விரிசலைப் பட்டியால் மேலோடு மூடுவது வேண்டாம். சுரண்டியால் வி வடிவில் 5 மி.மீ. திறந்து, தூசி ஊதி, அக்ரிலிக் க்ராக் ஃபில்லரை இரண்டு தடவையாக அடையுங்கள். முதல் தடவை காய்ந்ததும் உள்வாங்கும், இரண்டாவது அதைச் சமன்செய்யும். உட்சுவர் அக்ரிலிக் பட்டியை வெளியே பூசவே கூடாது, முதல் மழையிலேயே குழைந்துவிடும். கைப்பிடிச்சுவரின் தலையை மறந்துவிடாதீர்கள், வெளிச்சுவர் விரிசல்களுக்குள் தண்ணீர் புகும் முதல் வாய் அது. அங்கே வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் தனியாக அடியுங்கள், தலை வாட்டம் மாடித்தளப் பக்கம் இருக்கட்டும், வெளிப்பக்கம் இருந்தால் அழுக்குக் கோடு கோடாக வழியும்.

பெயின்ட் அளவுக்குச் சுற்றளவை உயரத்தால் பெருக்குங்கள். 30×40 அடி வீடாக இருந்தால் 140 அடி, கைப்பிடிச்சுவர் வரை 25 அடி என்று வைத்தால் 3,500, கதவு ஜன்னல் போக 3,300 சதுர அடி. வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி ஓடும், ஆக 20 லிட்டர் வாளி மூன்று. வாளியை உங்கள் கண் முன்னால் திறந்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவு தண்ணீர் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டே வாளியில் முடித்துக் கொடுக்கிறேன் என்றால் மீதி தண்ணீர்தான். எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட் கட்டாயம். புதுப் பூச்சுப் பட்ட இடங்கள் 28 நாள் ஆறிய பிறகே பிரைமர் காண வேண்டும், முன்னதாக அடித்தால் சிமென்ட்டின் காரம் நிறத்தை வெளுக்கவைத்து ஜன்னலைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி காட்டும்.

பிப்ரவரியில் சன்ஷேடும் நிலை எடுப்பதும், மார்ச்சில் ஜன்னல், மே மாதத்தில் பெயின்ட் என்று வைத்தால் எதற்கும் அவசரம் இருக்காது. சிலிக்கானுக்கும் பெயின்ட்டுக்கும் ஒரு சின்ன விஷயம்: சாதாரண சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது, புள்ளி புள்ளியாக விலகும். அதனால் ஜன்னல் ஓரத்தில் பெயின்ட்டை முதலில் சந்து விளிம்பு வரை ஒரு கோட் இழுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஜன்னல்காரரை அழைத்து வெளிச் சிலிக்கானைப் போடச் சொல்லுங்கள். அதுவரை சந்தில் பேக்கர் ராட் மட்டும் இருக்கட்டும். சிலிக்கானுக்காக அவர் இரண்டாவது தடவை வர வேண்டியிருக்கும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பாக்கிப் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று நிறுத்தியும் வையுங்கள்.